கஞ்சி இறங்கும் நேரம்

என் மனைவியின் மூக்கு வழியாக இரைப்பைக்குப் போட்ட குழாய் பதினாலாம் நம்பர். நர்ஸ் உறையைக் கிழித்தபோது அதில் அச்சடித்திருந்ததைப் படித்தேன். குழாயைக் கண்டால் அளவைப் பார்ப்பது என் பழக்கம். திருவனந்தபுரத்தில் இருபது வருஷத்துக்கு மேல் பிளம்பர் வேலை செய்தவன் நான். அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் என்றால் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுச் சொல்வேன். பதினாலு என்றால் எவ்வளவு என்று தெரியவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது. வெளியே தொங்கிய முனையை உற்றுப் பார்த்தேன். ஒரு மிளகு கூட உள்ளே போகாது. இந்த ஓட்டை வழியாகத்தான் இனி இவளுக்குச் சோறு போக வேண்டும்.

நான் அதிகம் பேசாதவன். திருநெல்வேலிப் பக்கத்தில் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, வேலைக்கென்று இந்த ஊருக்கு வந்தேன். இங்கே மலையாளத்திலும் பேச வேண்டியிருந்ததால் இருந்த பேச்சும் குறைந்துபோனது. கல்யாணத்துக்குப் பிறகு எனக்கும் சேர்த்து அவளே பேசினாள். வலியசாலைக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் ஓர் அறையும் அடுக்களையும் எங்களுக்கு. பிள்ளைகள் இல்லை. வேலைக்குக் கூப்பிட வருகிறவர்களிடம் எந்த வீடு, எங்கே ஒழுகுகிறது, எப்போது வர வேண்டும் என்று வாசலில் நின்று கேட்பது அவள்தான். "அவுக வருவாக. வாயத் திறக்க மாட்டாக, பைப்பத்தான் திறப்பாக" என்று சொல்லி அனுப்புவாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். நான் உள்ளே பையை வைத்துக்கொண்டு நின்றிருப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவளுக்குச் சாப்பாடு இறங்காமல் ஆனது. முதலில் தோசை நெஞ்சில் நிற்கிறது என்றாள். வாயு என்று நினைத்தோம். பிறகு சோற்றைத் தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினாள். அப்புறம் கஞ்சி மட்டும். கடைசியில் கஞ்சியும் திரும்பி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு தாளில் உணவுக்குழாய் என்று இரண்டு கோடு போட்டு, நடுவில் இரு பக்கமும் உள்ளே உப்பியது போல வரைந்து காட்டினார். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பழைய இரும்புக் குழாயை அறுத்துப் பார்த்தால் உள்ளே துரு அப்படித்தான் வளர்ந்திருக்கும். வெளியே ஒரு இஞ்ச், உள்ளே பென்சில் போகும் இடம்.

"ஆப்பரேஷன் செய்யாம். பக்ஷே ஆளு தாங்கணும்" என்றார் டாக்டர். செய்யலாம், ஆனால் உடம்பு தாங்க வேண்டும். அப்போது அவள் எடை முப்பத்தைந்து கிலோ. குறைந்தது நாற்பது ஆக வேண்டும். ஆறு வாரம் டியூப் வழியாக ஆகாரம் கொடுத்துத் தேற்றிக்கொண்டு வாருங்கள் என்றார்.

வெளியே வந்ததும் அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஊருக்கெல்லாம் பைப்பு போட்டிய. இப்ப வீட்டுலயே ஒரு கனெக்ஷன்."

நான் சிரிக்கவில்லை. ஐந்து கிலோ, ஆறு வாரம். அது மட்டும்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பெரிய வேலைகளை விட்டுவிட்டேன். பக்கத்தில் ஒரு வாஷர் மாற்றுவது, ஒரு டேங்க் கழுவுவது, அவ்வளவுதான். காலை ஆறு மணி முதல் இரவு எட்டு மணி வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆகாரம். பெரிய ஊசிக்குழலில் தள்ளுகோலை எடுத்துவிட்டு, அடிமுனையைக் குழாயில் சொருகி, மேலே தூக்கிப் பிடித்து ஊற்ற வேண்டும். தானாக இறங்க வேண்டும். கடைசியில் வெறும் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். எங்கள் தெருமுனையில் ஒரு சின்ன கிளினிக் இருந்தது. குழாய் மாற்றுவது அங்கேதான். அங்கிருந்த நர்ஸ் வயதானவர், கறாரானவர். முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார்.

"அண்ணாச்சி, வெள்ளம் போல இருக்கணும் கேட்டோ. கட்டியாயால் அடையும்."

தண்ணீர் போல இருந்தால் எடை எப்படிக் கூடும்? எனக்கு அதுதான் சண்டை. சோற்றுத் தண்ணீரும் பருப்புத் தண்ணீரும் சரசரவென்று இறங்கிவிடும். ஆனால் அதில் என்ன இருக்கிறது? கேப்பை மாவும் பாலும் முட்டையும் கடலைப் பொடியும் போட்டுக் காய்ச்சினால் சத்து. ஆனால் அது நகராது. ஊசிக்குழலில் மட்டம் அப்படியே நிற்கும். அவள் மூக்கு நுனியையும் அந்த மட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அந்தக் குழாய் கண்ணாடி மாதிரித் தெரியும். இரும்புக் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. இதில் பார்த்தேன். பழுப்புக் கஞ்சிக்குப் பின்னால் பாலை ஊற்றினால், பால் சமமாகத் தள்ளிக்கொண்டு போகாது. நடுவில் கூராக நீண்டு முன்னே ஓடும். ஓரத்தில் கஞ்சி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நடுவில் இருப்பதுதான் வேகமாகப் போகிறது. ஓரத்தில் இருப்பது போவதே இல்லை. அதைக் கழுவாமல் விட்டால் காய்ந்து ஒட்டி, இருக்கிற ஓட்டையும் சிறுக்கும். அடைப்பு இப்படித்தான் வருகிறது என்று இருபது வருஷம் கழித்து என் மனைவியின் மூக்கில் தெரிந்துகொண்டேன்.

எனக்குத் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் காட்டினேன். கஞ்சியைப் பழைய வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டினேன். இளஞ்சூட்டில் கொடுத்தால் கொஞ்சம் இளகி ஓடியது, ஆறினால் மந்தமானது. அதனால் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் தம்ளரை வைத்துக்கொண்டே ஊற்றினேன். ஜன்னல் கம்பியில் ஒரு கொக்கி கட்டி ஊசிக்குழலை இன்னும் உயரத்தில் தொங்கவிட்டேன். டேங்கை மாடிக்கு மேல் தூக்கி வைப்பது போலத்தான். கொஞ்சம் பலன் இருந்தது. வெளியே நீண்டு கிடந்த குழாயில் ஒரு சாண் வெட்டிக் குறைத்தேன். அதற்கும் கொஞ்சம் பலன் இருந்தது. ஆனால் இதெல்லாம் சில்லறைப் பலன். உண்மையான வித்தியாசம் ஓட்டையின் அகலத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நகரத்தின் கோட்டைப் பகுதியில் ஒரு பழைய வீட்டில் மாடிக்குத் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது என்று அரை இஞ்சை எடுத்துவிட்டு முக்கால் இஞ்ச் போட்டேன். ஒன்றரை மடங்கு வரும் என்று எதிர்பார்த்த வீட்டுக்காரர், கொட்டிய வேகத்தைப் பார்த்துவிட்டு மோட்டார் வைத்தாயா என்று கேட்டார். கால் இஞ்ச்தான் கூட்டினேன்.

அதனால் நர்ஸிடம் போய், நான் பேசாதவன், நானே பேசினேன். "இதைவிடப் பெரிய குழாய் இருக்குமா சிஸ்டர்?"

"எந்தினு?"

"சீக்கிரம் போகும். கெட்டியாவும் போகும்."

"அண்ணாச்சி, இது டேங்க் அல்ல, ஆளாக்கும்" என்றார் நர்ஸ்.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் பதினாறாம் நம்பர் போட்டார். உள்ளே போகும்போது அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, என் கையில் நகம் பதிந்தது. முடிந்ததும் குரல் கரகரக்க, "இனி அடுத்தது ரெண்டு இஞ்ச் போடச் சொல்லுங்க. லாரி போவட்டும்" என்றாள். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

எடை பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைகளில். தம்பானூர் ரயில் நிலையத்தில் காசு போட்டால் விளக்கெல்லாம் சுற்றி, சின்ன அட்டை ஒன்று விழும் எந்திரம் இருந்தது. அட்டையின் ஒரு பக்கத்தில் எடையும் ஒரு வரி ஜோசியமும், மறுபக்கத்தில் நடிகை படமும். குழாயைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்து, தலையோடு முக்காடு போட்டுக்கொண்டு வருவாள். முதல் ஞாயிறு அட்டையை எடுத்துப் பார்த்தேன். முப்பத்துநாலு. கூடவில்லை, குறைந்திருந்தது. அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் வந்த ஒரே பயணம் அது.

அடுத்த ஞாயிறு முப்பத்தைந்தரை. அட்டையை இரண்டு தடவை படித்தேன்.

"என்ன போட்டிருக்கு?"

"கூடியிருக்கு."

"ஜோசியம்?"

ஆங்கிலத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். பயணம் நன்மை தரும் என்பது போல ஏதோ. "கொள்ளாம், நல்லதுதான். எங்க போவணும்? பொன்முடிக்கா?" என்றாள். பக்கத்து மலையான பொன்முடிக்கு நாங்கள் அத்தனை வருஷத்தில் போனதில்லை. "ஆப்பரேஷன் முடிஞ்சதும் போவோம்" என்றேன். நான் முன்கூட்டி ஒன்றைச் சொல்வது அரிது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் வாரம் முப்பத்தாறரை. நான்காம் வாரம் முப்பத்தெட்டு. ஐந்தாம் வாரம் முப்பத்தொன்பது. அட்டைகளை அடுக்களை அலமாரியில் வரிசையாகச் சாய்த்து வைத்தேன். ஒவ்வொரு அட்டைக்கும் கஞ்சியில் இன்னும் ஒரு கரண்டி மாவு கூட்டினேன். பலன் தெரிகிறது, விடக் கூடாது. இறங்காதபோது தள்ளுகோலை எடுத்துப் போட்டு மெல்ல அழுத்தினேன். அழுத்தக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அடைத்த குழாயில் அழுத்தம் கொடுப்பதுதான் என் கை கற்ற தொழில். அவள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். ஒருநாள் கொடுத்ததெல்லாம் வாய் வழியாக வந்துவிட்டது. துடைத்துவிட்டு, அரை மணி கழித்து மறுபடி காய்ச்சினேன்.

"கொஞ்சம் தண்ணியாக் குடுங்க. எடைதான் கூடுதுல்லா?"

"இன்னும் ஒரு கிலோ."

"சரி. ஊத்துங்க."

கண் இல்லாமல் இல்லை எனக்கு. அவள் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. கழுத்தெலும்புக் குழியில் தண்ணீர் நிற்கும் போலிருந்தது. முப்பத்தொன்பது கிலோ ஆளின் கை இப்படி இருக்குமா என்று தோன்றும். உடனே அலமாரியைப் பார்ப்பேன். அட்டை அச்சடித்தது. கண் பொய் சொல்லலாம், எந்திரம் எதற்குச் சொல்கிறது?

ஆறாவது வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். எடை பார்க்கும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்து, சேலைக்குள் கையை விட்டு இடுப்பில் எதையோ அவிழ்த்தாள்.

"இதக் கொஞ்சம் பிடிங்க."

என் மடியில் வைத்தாள். பாவாடைத் துணியில் தைத்த பட்டை. அறை அறையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஏதோ வைத்துத் தைத்திருந்தது. கையில் எடுத்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அந்தச் சின்ன உருவத்தில் அந்தக் கனம் ஈயத்துக்குத்தான் உண்டு. முன்பெல்லாம் வார்ப்பிரும்புக் குழாய்களை இணைக்க ஈயத்தை உருக்கித்தான் ஊற்றுவோம். பிளாஸ்டிக் குழாய் வந்த பிறகு அந்த வேலை நின்று, மிச்சமிருந்த கட்டிகள் கட்டிலுக்கு அடியில் சாக்கில் கிடந்தன. சாக்கை நான் திறந்து வருஷக்கணக்கில் ஆகியிருந்தது.

"டாக்டருட்ட பொய் சொல்லக் கூடாதுல்லா. அறுக்கப் போறவரு" என்றாள்.

உள்ளே போய்விட்டாள். நான் அந்தப் பட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுமார் ஆறு கிலோ இருக்கும். ஒவ்வொரு வாரமும் ஓர் அறை கூட்டித் தைத்திருக்கிறாள். நிற்கவே தள்ளாடுகிறவள் இதை இடுப்பில் கட்டிக்கொண்டு ரயில் நிலையப் படியேறி, அந்த எந்திரத்தின் மேல் நின்றிருக்கிறாள்.

உள்ளே எடை முப்பத்து மூன்று.

டாக்டர் புதிதாக எடுத்த படத்தையும் பார்த்தார். ஈரலிலும் பரவியிருக்கிறது என்றார். இனி ஆப்பரேஷன் இல்லை. வேதனை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குழாய் இருக்கட்டும், இறங்குகிற அளவு கொடுங்கள் என்றார். எடை ஏன் கூடவில்லை என்று என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மடியில் இருந்ததை மேசையில் வைத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் நான் அவளிடம் பேசவில்லை. ஊற்றினேன், கழுவினேன், மூடினேன். என் பேச்சின்மைக்கு அவள் பழக்கப்பட்டவள். ஆனால் இது வேறு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஏசுங்களேன்" என்றாள் மூன்றாம் நாள் காலையில். "ஏசினாலாவது வீட்டுல ஒரு சத்தம் கேக்கும்."

"எதுக்குளா அப்படிச் செஞ்ச?"

அவள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "மொத வாரம் அந்த மெசினு முன்னால உங்க மூஞ்சியப் பாத்தேன். இன்னொருக்கா பாக்க ஏலாதுன்னு தோணிச்சு."

மூடியிருந்த குழாய் முனையை மறுபடி இறுக்கினேன்.

"அப்புறம், கூடுதுன்னு தெரிஞ்சா தண்ணியாக் குடுப்பியன்னு நெனச்சேன். நீங்க என்னடான்னா இன்னும் கெட்டியாக்கிட்டிய." சிரிக்கப் பார்த்தாள். இருமல் வந்தது. "மனுசனுக்கு நல்லது செஞ்சாலும் கஷ்டந்தான், அல்லே?"

நான் எழுந்து அடுக்களைக்குப் போய் அலமாரியில் இருந்த அட்டைகளை எடுத்து அடுப்பில் போட்டேன். கஞ்சிச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. அதையும் இறக்கி, முற்றத்துத் தென்னைக்கடியில் ஊற்றினேன். கையில் சுட்டுக்கொண்டது அப்புறம்தான் தெரிந்தது.

ஒருநாள் அவளை நர்ஸிடம் விட்டுவிட்டு நான் மட்டும் டாக்டரைப் பார்க்கப் போனேன். அவர் அறை வாசலில் வெகுநேரம் நின்று, எல்லோரும் போன பிறகு உள்ளே போய்க் கேட்டேன். எடை கூடவில்லை என்று முதலிலேயே தெரிந்து, முதல் மாதமே வந்திருந்தால்? அவர் என்னைப் பார்த்தார். ஃபைலைத் திறக்கவில்லை. "அதுகொண்டு ஒண்ணும் மாறில்ல" என்றார், வந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று. அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

அதற்குப் பிறகு அவள் கேட்டதை மட்டும் கொடுத்தேன். சோறு வடித்த தண்ணீரில் உப்பு, நீர்மோர், இளநீர். குழாயில் ருசி தெரியாது, அதனால் ஊற்றுவதற்கு முன் ஒரு சொட்டு விரலில் தொட்டு நாக்கில் வைப்பேன். "இன்னைக்கு உப்பு கூட" என்று குறை சொல்வாள். கொக்கியைக் கழற்றிவிட்டேன். கையால் தாழ்வாகப் பிடித்தாலே போதும். பதினாறாம் நம்பரில் இளநீர் எந்தத் தடையும் இல்லாமல் இறங்கியது. இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

கஞ்சி கொடுத்த நாட்களில் ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் அவள் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அப்போது மட்டத்தைத்தான் பார்த்தேன். இப்போது அவளைப் பார்க்கலாம் என்றால், உட்காருவதற்குள் தீர்ந்துவிடுகிறது. தீர்ந்ததும் களைப்பில் கண்ணை மூடிக்கொள்வாள். ஊற்றும் நேரத்தில் மட்டும்தான் விழித்திருந்தாள்.

ஒருநாள் என் விரல் தானாகக் குழாயை நசுக்கிப் பிடித்தது. கொஞ்சமாகத்தான். ஓடிக்கொண்டிருந்த இளநீர் சொட்டுச் சொட்டாக ஆனது. அவளிடம் ஏதாவது பேச வேண்டுமே என்று, கோட்டைக்குள் அந்த வீட்டுக்காரர் மோட்டார் வைத்தாயா என்று கேட்டதைச் சொன்னேன். ஏன் இதை இத்தனை வருஷம் சொல்லவில்லை என்றாள். அடுத்த தடவை வேறொரு வீட்டுக் கதை. மாடித் தொட்டிக்குள் மூக்குக்கண்ணாடி விழுந்துவிட்டது என்று என்னை இறக்கிவிட்ட பெரியவர், அதை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டே தேடச் சொன்ன கதை. அவள் உடம்பு குலுங்கச் சிரித்தாள். குழாயும் குலுங்கியது.

பிறகு என் கையைக் கவனித்தாள்.

"அடைச்சிருக்கா?"

"இல்ல."

"பிறவு எதுக்கு நெரிச்சிட்டு இருக்கிய?"

விரலை எடுக்கப் போனேன்.

"இருக்கட்டும்" என்றாள். "அந்தப் பெரியவரு பிறவு என்ன சொன்னாரு?"

அப்படிப் பதினெட்டு நாள் ஓடியது. சொல்ல இருந்த வீடுகளில் பாதிதான் சொல்லியிருப்பேன்.

மழை பிடித்திருந்த ஒரு காலையில் நீர்மோர் இறங்கவில்லை. விரலை எடுத்தேன். மட்டம் அசையவில்லை. குழாயை மேலிருந்து கீழே நீவிப் பார்த்தேன், அடைப்பு எங்கும் இல்லை. கையைத் தலைக்கு மேல் உயர்த்தினேன். ஒரு நூல் இறங்கி, திரும்ப மேலே ஏறியது. உள்ளே ஏற்க இடமில்லை.

"மதி" என்றாள். போதும் என்பதற்கு எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லித்தான் பழகியிருந்தது.

"கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு."

"மதி."

ஊசிக்குழலில் இருந்ததைத் தம்ளரில் திருப்பி ஊற்றினேன். குழாயின் வாயை மூடினேன். தம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கரமனையில் ஒரு வீட்டில் நடந்த, பாதியில் நிறுத்தியிருந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். உச்சிப்பொழுது வரை சொல்லிக்கொண்டிருந்தேன். எந்த இடத்தில் அவள் கேட்பது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.